பெயர் தெரியாமல் விழிக்கும் கணினி

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த சிறிய அலுவலகம் ஒன்றில் ஒரு லினக்ஸ் சர்வர் இருந்தது. கரண்ட் போய் வந்தால் அதை மறுபடி கிளப்புவது என் பொறுப்பு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பச்சையாக ஓர் 'ஓகே' விழும். செண்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலின் வரி வந்ததும் எல்லாம் அப்படியே நின்றுவிடும். ஒரு நிமிடம். அடுத்த வரியில் இன்னொரு நிமிடம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓட்டம் தொடரும். "செண்ட்மெயில் வந்துடுச்சா? அப்ப டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்பது அங்கே சகஜமான பேச்சு. மெஷின் பழசு, மெமரி போதாது, வட்டு தேய்ந்துவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம்.

உண்மையான காரணத்தை அந்தக் கணினியே தன் பதிவுக் கோப்பில் தினமும் எழுதி வைத்துக்கொண்டிருந்தது. நாங்கள்தான் படிக்கவில்லை. என் முழுப்பெயர் என்னவென்று தெரியவில்லை, கொஞ்சம் தூங்கிவிட்டு மறுபடி பார்க்கிறேன் என்று பொருள்படும் ஒரு வரி. அந்த இரண்டு நிமிடமும் அது தன் பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

கணினிக்குப் பெயர் வைப்பதில் என்ன கஷ்டம், ஒரு பெட்டியில் நாலு எழுத்துத் தட்டினால் முடிந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். பெயர் என்பது அங்கே மூன்று தனித்தனிச் சங்கதிகள். கணினி தன்னைத் தானே என்னவென்று சொல்லிக்கொள்கிறது என்பது ஒன்று. அந்தப் பெயரைச் சொன்னால் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பது இன்னொன்று. தெரியாத பெயர்களை யாரிடம் விசாரிப்பது என்பது மூன்றாவது. மூன்றும் மூன்று இடத்தில் கிடக்கின்றன. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் தாமாக மாறுவதில்லை. கணினி கிளம்பும் அந்தச் சில வினாடிகளில் இவை ஒவ்வொன்றாக வந்து சேர வேண்டும். ஒன்று வந்து சேருமுன் அதை நம்பிய இன்னொன்று எழுந்துவிட்டால், டீக்கடைக்குப் போக நேரம் கிடைக்கும்.

சுவிட்சைப் போட்டதும் முதலில் கண் விழிப்பது ஃபர்ம்வேர். அதற்கு வட்டு எங்கே இருக்கிறது, நினைவகம் எவ்வளவு என்பதெல்லாம் தெரியும், பெயர் தெரியாது. இயங்குதளத்தின் உயிர்நாடியான கெர்னலை எழுப்பிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். லினக்ஸ் கெர்னல் தன் நினைவில் பெயருக்கென்று 64 எழுத்து கொள்ளுமளவு இடம் வைத்திருக்கிறது. எழுந்தவுடன் அந்த இடத்தில் இருப்பது 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல், அதுவும் அடைப்புக்குறிக்குள். பூட் பாதியில் முறிந்து அவசரத் திரையில் போய் விழுந்தவர்கள் அந்தச் சொல்லைப் பார்த்திருப்பார்கள். பார்த்த கணத்தில் வயிற்றைக் கலக்கும் சொல் அது.

கெர்னல் எழுப்பும் முதல் நிரலுக்கு வழிவழியாக 'இனிட்' என்று பெயர். இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் அந்த இடத்தில் சிஸ்டம்டி உட்கார்ந்திருக்கிறது. அது செய்யும் தொடக்கக் காரியங்களில் ஒன்று, அமைப்புக் கோப்புகள் வைக்கும் 'எட்சி' அடைவுக்குள் போய் 'ஹோஸ்ட்நேம்' என்ற கோப்பைத் திறந்து, அதிலுள்ள ஒற்றை வரியை எடுத்துக் கெர்னலிடம் சொல்வது. நம் வீடுகளில் குழந்தையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்கிறோமே, அதுதான். இங்கே ஒரு தடவை போதும். ஆனால் கணினியை அணைத்தால் காதில் ஓதியது போய்விடும். ஒவ்வொரு விழிப்புக்கும் ஒரு பெயர்சூட்டு விழா. இதற்கான 'செட்ஹோஸ்ட்நேம்' என்ற அழைப்பு 1983இல் வந்த பெர்க்லி யூனிக்ஸின் 4.2 பதிப்பிலேயே இருந்தது. பெயர் எழுதிய சீட்டை எங்கே வைப்பது என்பதில் மட்டும் யூனிக்ஸ் குடும்பத்துக்குள் ஒற்றுமை இருந்ததில்லை. டெபியனில் 'ஹோஸ்ட்நேம்' கோப்பு, பழைய ரெட்ஹேட்டில் 'சிஸ்கான்ஃபிக்' அடைவுக்குள் 'நெட்வொர்க்' கோப்பு, ஃப்ரீபிஎஸ்டியில் தொடக்க அமைப்புகள் அத்தனையும் குவித்த ஒரே பெரிய கோப்பில் ஒரு வரி. ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் கோப்புக்கே 'மைநேம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

இப்போது கணினிக்குத் தன் பெயர் தெரியும். ஆனால் ஊருக்குத் தெரியாது. இந்த இடைவெளியில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. அது ஏன் வந்தது என்று அறிய அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் 1969இல் தொடங்கியபோது அதில் சேர்ந்த கணினிகளுக்கு எண்கள்தான் அடையாளம். எண்ணை மனிதர்கள் நினைவில் வைப்பது கடினம் என்பதால் ஒவ்வொரு இடத்திலும் தங்கள் வசதிக்கு ஒரு பெயர்ப் பட்டியல் வைத்துக்கொண்டார்கள். ஒரு பட்டியல் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. இது அபத்தம், எல்லாருக்கும் பொதுவாக ஒரே பட்டியல் இருக்கட்டும் என்று 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச் என்ற நிரலாளர் எழுதினார். அந்தப் பொதுப் பட்டியல் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் வலையமைப்புத் தகவல் மையத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த மையத்தை 1989 வரை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர். எல்லாரும் அவரை 'ஜேக்' என்றுதான் கூப்பிட்டார்கள். கணினிகளின் பெயர்களைக் காத்தவரே பட்டப்பெயரில்தான் அறியப்பட்டார்.

'ஹோஸ்ட்ஸ்' என்று பெயரிட்ட சாதாரண எழுத்துக் கோப்புதான் அந்தப் பட்டியல். புதிதாக ஒரு கணினி வந்தால் அந்த மையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்ற இடத்துக்காரர்கள் அவ்வப்போது அந்தக் கோப்பை இறக்கிக்கொள்வார்கள். 1981 ஆகஸ்டில் பட்டியலில் 213 கணினிகள். கூட்டுறவுப் பால் சங்கத்தின் உறுப்பினர் பேரேடு அளவுதான். 1985 அக்டோபரில் 1,961. கணினிகள் கூடக்கூடக் கோப்பு பெருத்தது, அதை இறக்கிக்கொள்ள வருபவர்களும் கூடினார்கள். இரண்டும் சேர்ந்து ஒரே மையத்தின் தலையில் விழுந்தன. நமக்குப் பிடித்த பெயரை வேறொருவர் முன்பே எடுத்துக்கொண்டிருந்தால் சண்டையும் உண்டு.

யார் எந்த எழுத்தில் பெயர் வைக்கலாம் என்பதற்கும் அந்த மையமே விதி வகுத்தது. 1985இல் வந்த பதிப்பின்படி ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு, இடையில் புள்ளி. மொத்தம் 24 எழுத்துக்குள். முதலில் வருவது எழுத்தாகத்தான் இருக்க வேண்டும். எண்ணில் தொடங்கக் கூடாது என்ற அந்த விதி 1989இல் தளர்ந்தது. 'த்ரீகாம்' என்று எண்ணில் தொடங்கும் பெயரோடு ஒரு வலையமைப்புக் கருவி நிறுவனமே அப்போது இருந்தது!

ஒரே பேரேடு தாங்காது என்று தெரிந்ததும் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவலியல் கழகத்தில் இருந்த பால் மோக்கபெட்ரிஸ் 1983 நவம்பரில் டிஎன்எஸ் என்ற முறையை வரைந்தார். பேரேட்டைப் பிய்த்து ஊர் ஊராகப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் அதன் சாரம். உங்கள் நிறுவனத்துக் கணினிகளின் பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேரேடு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் மேலிடத்தில் சொல்லிவையுங்கள். அதனால் பெயர் அடுக்கடுக்காக நீண்டது: கணினி, பிரிவு, நிறுவனம், நாடு. தபால் முகவரிபோலச் சிறியதிலிருந்து பெரியதுக்கு. பிரிட்டிஷ் பல்கலைக்கழக வலையமைப்பு மட்டும் கொஞ்ச காலம் தலைகீழாக, நாட்டை முதலில் எழுதியது. அங்கே கம்ப்யூட்டர் சயன்ஸ் துறைகளின் பெயர் 'சிஎஸ்' என்று கடைசியில் வரும். அப்போது செக்கோஸ்லோவாக்கியாவின் நாட்டுக் குறியீடும் அதே இரண்டு எழுத்து. பெயரை எந்தப் பக்கமிருந்து படிப்பது என்று மென்பொருள் குழம்பினால் என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

எங்கள் சர்வருக்குத் தன் சின்னப் பெயர் தெரியும். செண்ட்மெயில் கேட்டது முழுப் பெயரை. கடிதம் போடுபவர் உறையில் அனுப்புநர் முகவரியை முழுதாக எழுதியாக வேண்டுமல்லவா? அது நியாயமான கேள்விதான். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

டிஎன்எஸ் வந்த பிறகும் அந்தப் பழைய 'ஹோஸ்ட்ஸ்' கோப்பு சாகவில்லை. இன்றைக்கும் உங்கள் கணினியில், அநேகமாக உங்கள் கைப்பேசியிலும், அது இருக்கிறது. உலகத்துக் கணினிகள் அத்தனையும் அடங்கிய பேரேடாக இருந்தது, இப்போது நாலைந்து வரிக்குச் சுருங்கிக் கிடக்கிறது. விண்டோஸில் அதைத் தேடிப் போனால் சிஸ்டம் அடைவு, அதற்குள் டிரைவர்கள், அதற்குள் 'எட்சி' என்று ஓர் அடைவு தென்படும். விண்டோஸில் வேறெங்கும் பொருந்தாத யூனிக்ஸ் பெயர். இடிந்த கோட்டையின் ஒரு கல் புது வீட்டுச் சுவரில் இருப்பதுபோல.

அந்தக் கோப்பின் முதல் வரி ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றே: 127.0.0.1 என்ற எண்ணுக்கு 'லோக்கல்ஹோஸ்ட்' என்று பெயர். 127இல் தொடங்கும் முகவரிகள் கம்பிக்கு வெளியே போவதே இல்லை. கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ள அவை. இதற்காக ஒதுக்கியிருப்பது ஒன்றிரண்டு அல்ல, 1,67,77,216 முகவரிகள். முகவரிப் பஞ்சம் என்று இன்று உலகம் அலைவதைப் பார்த்தால் அந்தக் காலத்தாரின் தாராளம் மலைக்க வைக்கிறது. டெபியன் லினக்ஸ் இந்தத் தாராளத்தைப் பயன்படுத்திக்கொண்டது. நிரந்தர முகவரி இல்லாத கணினிக்கு அது தன் சொந்தப் பெயரை 127.0.1.1 என்ற முகவரியோடு சேர்த்து இரண்டாம் வரியாக எழுதிவைக்கிறது. வலையமைப்பே இல்லாவிட்டாலும் தன் பெயரைச் சொன்னால் தன்னிடமே வந்து சேர வேண்டும் என்பதற்காக.

அந்த இரண்டாம் வரியை மறந்துவிட்டு 'ஹோஸ்ட்நேம்' கோப்பில் மட்டும் பெயரை மாற்றுவதுதான் கணினி வைத்திருப்பவர்கள் செய்யும் முதல் தப்பு. அடுத்த தடவை நிர்வாகி உரிமையோடு எதையாவது இயக்க 'சூடு' கட்டளையைத் தட்டினால், இந்தப் பெயருள்ள கணினியைக் கண்டறிய முடியவில்லை என்று அது முணுமுணுக்கும். எந்தப் பெயரை? தன் பெயரையே. எந்தக் கணினியில் யாருக்கு என்ன உரிமை என்று பெயர்வாரியாக விதி எழுத 'சூடு' இடம் தருகிறது. அதனால் தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரிய வேண்டியிருக்கிறது. கெஜட்டில் பெயரை மாற்றிவிட்டு ரேஷன் கார்டை மறந்தவர் கதைதான்.

கோப்பில் இல்லாத பெயர் என்றால் வெளியே விசாரிக்க வேண்டும். முதலில் கோப்பைப் பார்ப்பதா, டிஎன்எஸ்ஸைக் கேட்பதா என்ற வரிசையைச் சொல்ல ஒரு கோப்பு. யாரிடம் கேட்பது என்பதைச் சொல்ல 'ரிசால்வ்' என்று தொடங்கும் வேறொரு கோப்பு. இரண்டாவதில் மூன்று சர்வர்களின் முகவரி வரை எழுதலாம். நான்காவதை எழுதினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முதல் சர்வரிடமிருந்து பதில் வராவிட்டால் 5 வினாடி பொறுத்துவிட்டு அடுத்தவரிடம் போகும். எல்லாரும் மௌனம் என்றால் மறுபடி ஒரு சுற்று. சின்னப் பெயரைக் கொடுத்தால் அதன் பின்னால் ஒட்டிப் பார்க்க வேண்டிய நிறுவனப் பெயர்களின் பட்டியலும் அதே கோப்பில் உண்டு. ஒவ்வொரு ஒட்டுக்கும் இந்தக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

எங்கள் டீயின் ரகசியம் இதோடு சேர்ந்ததுதான். செண்ட்மெயில் கிளம்பும்போது தன் முழுப்பெயரைக் கேட்கும். கோப்பில் சின்னப் பெயர்கூட இல்லை. விசாரிக்க வேண்டிய சர்வரிலும் அந்தப் பெயர் பதிவாகவில்லை. செண்ட்மெயில் 60 வினாடி தூங்கி எழுந்து மறுபடி ஒரு தடவை கேட்டுப்பார்க்கும். அப்போதும் கிடைக்காவிட்டால் சின்னப் பெயரோடு காலத்தை ஓட்டிக்கொள்ளும். அது இரண்டு பகுதியாகக் கிளம்பும் நிரல். ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் தூங்கியது. 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் முழுப்பெயரும் சின்னப் பெயருமாக ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் கரண்ட் போய் வந்தபோது சர்வர் நிற்காமல் எழுந்தது. யாரும் என்னைப் பாராட்டவில்லை. டீ போனதில் இரண்டு பேருக்கு வருத்தம்தான்.

வட்டு உள்ள கணினிக்கே இந்தப் பாடு. 1980களில் சன் நிறுவனம் வட்டே இல்லாத பணிநிலையங்களை விற்றது. பெயர்ச் சீட்டு வைக்கக்கூட அவற்றில் இடம் கிடையாது. பிறந்த குழந்தைக்குக் கைரேகை மட்டும் இருப்பதுபோல, உள்ளே ஆலையிலேயே பொறித்த எண் ஒன்று மட்டும் இருக்கும். சுவிட்சைப் போட்டதும் கணினி அந்த எண்ணைச் சொல்லித் தெருவில் நின்று கூவும்: இந்த எண்காரனுக்கு முகவரி என்ன? 1984இல் வரையப்பட்ட ரார்ப் என்ற நெறிமுறை அதற்கு. பக்கத்து சர்வர் ஒன்று முகவரியைச் சொல்லும். அந்த முகவரியையே கோப்பின் பெயராக வைத்துப் பூட் நிரலை இறக்கிக்கொண்டு, பிறகு அடுத்த கேள்வியைக் கேட்கும். அந்தக் கேள்விக்கு நெறிமுறையில் வைத்த பெயர் 'ஹூ அம் ஐ'. நான் யார்? சர்வர் பெயரைச் சொன்ன பிறகுதான் உன் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற பேச்சே எழும். கணினியியலில் இவ்வளவு நேர்மையான கேள்வியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ரார்ப்புக்குப் பின் 1985இல் பூட்பி, அதன் பிள்ளையாக 1993இல் டிஹெச்சிபி. உங்கள் வீட்டு வைஃபை ரூட்டர் இன்று செய்வது அந்தக் கடைசி வேலைதான். நாலே பேச்சு. யாராவது இருக்கிறீர்களா என்று கணினி எல்லாருக்கும் கேட்கக் கத்தும். அப்போது அதற்கு முகவரி இல்லை, அனுப்புநர் இடத்தில் நாலு பூஜ்யம். நான் இருக்கிறேன், இந்த முகவரி தருகிறேன் என்று ரூட்டர் சொல்லும். சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்கொள், இத்தனை மணி நேரத்துக்கு. கூடவே, பெயர் விசாரிக்க யாரிடம் போக வேண்டும், உன் பெயருக்குப் பின்னால் எந்த நிறுவனப் பெயரை ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். மூன்று சங்கதிகளில் இரண்டு இப்படி வெளியிலிருந்து வந்துவிடுகின்றன.

பெயரையும் அந்தப் பக்கமே தரலாம். டிஹெச்சிபியில் 12ஆம் இலக்கக் குறிப்பு ஹோஸ்ட்நேமுக்கானது, அது இரண்டு திசையிலும் போகும். என் பெயர் இது என்று கணினியும் சொல்லலாம். இல்லை, உன் பெயர் இது என்று சர்வரும் சொல்லலாம். யார் சொல்வது செல்லும்? மடிக்கணினிகள் பரவிய காலத்தில் இந்தக் கேள்வி ரொம்பவே படுத்தியது. வீட்டில் ஒரு பெயரோடு திறந்த கணினி அலுவலக வலையமைப்பில் சேர்ந்ததும் பெயர் மாறிவிடும். லினக்ஸின் பழைய வரைகலைத் திரை, தன்னை அணுகுவதற்கான ரகசியச் சீட்டைக் கணினியின் பெயரின் கீழ் பதிந்து வைக்கும். பெயர் மாறினால் சீட்டு கிடைக்காது. ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னல்கள் ஒழுங்காக வேலை செய்யும், புதிதாக ஒன்றைத் திறந்தால் திறக்காது. இதைக் கண்டுபிடிக்க மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

சிஸ்டம்டி இதற்கு ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்பு வைத்திருக்கிறது. கணினிக்கு ஒன்றல்ல, மூன்று பெயர். கோப்பில் எழுதி வைத்தது நிலைப்பெயர். வலையமைப்பு தருவது வந்துபோகும் பெயர். நிலைப்பெயர் இருந்தால் வந்துபோகும் பெயரை மதிக்க வேண்டியதில்லை. மூன்றாவது மனிதர்கள் பார்த்து மகிழ்வதற்கான அழகுப்பெயர். ஆப்பிளின் மேக்கிலும் இதேபோல மூன்று பெயர்கள் உண்டு. பெயர் ஒன்றல்ல என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டதை நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

'ரிசால்வ்' கோப்பின் சங்கதி அவ்வளவு சுமுகமாக முடியவில்லை. டிஹெச்சிபி நிரல் அதில் எழுதும். அலுவலக விபிஎன்னை இணைத்தால் அதுவும் எழுதும். நெட்வொர்க் மேலாளர் தன் பங்குக்கு எழுதும். கடைசியில் எழுதியவர் சொல்தான் எடுபடும். நீங்கள் கையால் மாற்றி வைத்தது அடுத்த பூட்டில் காணாமல் போயிருக்கும். இப்போது பல லினக்ஸ்களில் அந்தக் கோப்பைத் திறந்தால் 127.0.0.53 என்ற ஒரே முகவரி இருக்கும். அதாவது வெளியே யாரிடமும் கேட்காதே, வீட்டுக்குள்ளேயே ஒரு தரகர் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் கேள். யாரிடம் எதைக் கேட்பது என்பதை அந்தத் தரகர் பார்த்துக்கொள்வார்.

வரிசை தப்பினால் வரும் சிக்கல்களில் எனக்கு மிகவும் பிடித்தது கடிகாரச் சிக்கல். ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கணினியின் முதல் நான்கு தலைமுறைகளில், அணைத்தாலும் ஓடும் கடிகாரம் இல்லை. விழித்ததும் அதற்கு மணி தெரியாது. இணையத்தில் ஒரு நேர சர்வரைக் கேட்கும். அந்த சர்வருக்கு ஒரு பெயர். பெயரை முகவரியாக்க டிஎன்எஸ் வேண்டும். வருகிற பதில் போலியா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கும்படி அமைத்திருந்தால், கையொப்பத்தில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதியிருக்கும். தேதி தெரியாத கணினிக்கு அது எதிர்காலத்தில் எழுதிய கையொப்பமாகத் தெரியும், நிராகரித்துவிடும். மணி தெரிந்தால்தான் பெயர் கிடைக்கும், பெயர் கிடைத்தால்தான் மணி தெரியும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற பழைய கதை. நேர சர்வரின் எண் முகவரியையே நேரடியாக எழுதி வைப்பது ஒரு வழி. கடைசியாக அணைத்தபோது இருந்த மணியைக் கோப்பில் குறித்துவைத்து அங்கிருந்து தொடங்குவது இன்னொன்று. தப்பான மணிதான், ஆனாலும் பல வருடம் பின்னால் நிற்காது.

பேரேடே இல்லாத இடத்தில், இரண்டு கணினியும் ஒரு பிரிண்டரும் மட்டும் உள்ள வீட்டில், என்ன செய்வது? கணினி தெருவில் நின்று கேட்கிறது. இந்தப் பெயரை யாராவது வைத்திருக்கிறீர்களா? கால் வினாடி இடைவெளியில் மூன்று முறை. மறுப்பு வராவிட்டால் பெயர் அதனுடையது. வந்தால் பின்னால் ஓர் '2' ஒட்டிக்கொண்டு மறுபடி கேட்கும். ஆப்பிள் 2002இல் கொண்டுவந்து பிறகு 'போன்ஷூர்' என்று பெயர் மாற்றிய ஏற்பாடு இதுதான். 'லோக்கல்' என்று முடியும் பெயர்கள் இதற்கானவை. வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஆசிரியர் செய்வதைத்தான் கணினிகள் தங்களுக்குள் செய்துகொள்கின்றன.

விண்டோஸ் வேறொரு மரபில் வந்தது. 1983இல் ஐபிஎம் கணினிகளுக்காக உருவான நெட்பயாஸில் பெயருக்கு 16 இடம். கடைசி இடம் எந்தச் சேவை என்பதைக் குறிக்க. மிச்சம் 15. இன்று விண்டோஸை நிறுவும்போது நீங்கள் பெயர் சொல்லாவிட்டால் அதுவே 'டெஸ்க்டாப்' என்று எழுதி, ஒரு கோடு போட்டு, கண்டபடி ஏழு எழுத்தைச் சேர்த்து ஒரு பெயர் வைக்கும். ஆங்கிலத்தில் எண்ணிப் பாருங்கள்: ஏழு, ஒன்று, ஏழு. சரியாக 15. நாற்பது வருடத்துக்கு முந்தைய எல்லைக்கோடு இன்னும் அழியவில்லை.

எந்தப் பெயர் வைப்பது என்பதற்கும் அறிவுரை உண்டு. 1990இல் டான் லிபிஸ் இதைப் பற்றியே ஒரு குறிப்பை இணைய ஆவணத் தொடரில் வெளியிட்டார். புழக்கத்தில் உள்ள சொற்களைப் பெயராக வைக்காதீர்கள் என்கிறார். 'அப்' என்று பெயரிட்ட கணினியை அவர் உதாரணம் காட்டுகிறார். 'அப்' டவுனா என்று ஒருவர் கேட்டால் மற்றவர் என்ன பதில் சொல்வார்? அந்தக் காலத்தில் ஒரு துறையின் கணினிகளுக்குக் கோள்கள், புராணப் பாத்திரங்கள், மதுவகைகள் என்று ஒரு குடும்பப் பெயர் வரிசை இருக்கும். மேகக் கணினிகள் வந்ததும் அந்த ரசனை போய்விட்டது. அங்கே ஒரு கணினி பிறந்ததும் 169.254.169.254 என்ற முகவரியைத் தட்டி, நான் யார் என்று கேட்டு, தன் ஐபி எண்ணையே பெயராக வாங்கிக்கொள்வது சாதாரணம். டாக்கர் பெட்டகங்களுக்குத் தாமாக வைக்கப்படும் பெயர் வெறும் 12 எழுத்து எண்கோவை. அரை மணி நேரம் வாழ்ந்து மறையும் ஒன்றுக்கு அதுவே அதிகம்.

கைப்பேசியின் நிலைமை நேர்மாறு. உரிமையாளர் பெயரைச் சேர்த்துத் தனக்குப் பெயர் வைத்துக்கொண்டு, போகுமிடமெல்லாம் டிஹெச்சிபி வழியே அதை அறிவித்துக்கொண்டு போகும் கருவிகள் ஏராளம். விமான நிலையத்து வைஃபையில் நீங்கள் யார் என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம். இந்தப் பழக்கம் தீங்கானது என்று 2017இல் ஓர் இணைய ஆவணம் தலைப்பிலேயே எழுதிவிட்டது. அமைப்புகளைத் திறந்து கருவியின் பெயரை மாற்ற அரை நிமிடம் போதும்.

தமிழில் பெயர் வைக்கலாமா? 2007இல் உலகத்தின் பெயர்ப் பேரேட்டு உச்சியில் சோதனைக்காக 11 பெயர்களைச் சேர்த்தார்கள். அவற்றில் தமிழும் ஒன்று. 'உதாரணம்.பரிட்சை' என்ற முகவரி அப்போது உண்மையிலேயே வேலை செய்தது. பரீட்சைக்கு நெடில் போட மறந்துவிட்டார்கள். இன்று .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் உண்டு. ஆனால் கம்பிக்குள் தமிழ் போவதில்லை. எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் ஆங்கில எழுத்துச் சரமாக மாறித்தான் போகிறது. ஜேக் ஃபைன்லரின் மையம் எழுதிய எழுத்து-எண்-கோடு விதிக்குள் அடங்கித்தான் தமிழும் பயணம் செய்கிறது. உள்ளூர் ஹோஸ்ட்நேமுக்கு இந்த மாற்றுவேலையை யாரும் செய்து தருவதில்லை. அதற்குத்தான் அந்த மூன்றாவது பெயர், அழகுப்பெயர். அதில் எந்த மொழியும் செல்லும், இடைவெளியும் விடலாம்.

என் மேசையில் இருக்கும் சின்னக் கணினிக்கு அங்கே 'மொட்டை மாடிக் காற்று' என்று எழுதி வைத்திருக்கிறேன். கீழே 'ஹோஸ்ட்நேம்' கோப்பில் 'மாடி' என்று ஆங்கிலத்தில் நாலெழுத்து. 'ஹோஸ்ட்ஸ்' கோப்பின் இரண்டாம் வரியிலும் அதே நாலெழுத்து. போன வாரம் இன்னொரு தடவை சரிபார்த்துக்கொண்டேன்.